ஒரே படத்தில் இரண்டு சதுரம்

1

"அக்கா, அப்பாவோட நல்ல போட்டோ ஒன்னு வேணும். மொகம் நேரா தெரியணும். அடையாள அட்டையில இருக்கிறது அழிஞ்சு போச்சு. கருமாதிக்குப் பிரேம் போடணும்ல. திங்கக்கிழமை பதுளைக்குப் போறேன், ஸ்டூடியோவுல குடுத்துட்டா நேரத்துக்குத் தந்துருவாங்க. ஒங்ககிட்ட இல்லாத போட்டோவா? பாத்து அனுப்புங்கக்கா."

பெரகலையில் கடை வைத்திருக்கும் என் தம்பி பிரபா அனுப்பிய குரல்செய்தி இது. தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை, சித்தப்பா மகன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. வேலு சித்தப்பா போன செவ்வாய்க்கிழமை தவறிப் போனார். எழுபத்திமூன்று வயது. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்தவர் எழும்பவில்லை.

நான் போகவில்லை. போக முடியவில்லை என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து இருபத்திநாலு வருஷம் ஆகிறது, அதில் பாதி அந்த ஈர விரிப்புகளோடு போய்விட்டது. துக்க விடுப்புக்கு ஒரு படிவம் இருக்கிறது. இறந்தவர் யார் என்ற கேள்விக்கு நாலு கட்டம். அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, பிள்ளை. சித்தப்பாவுக்குக் கட்டம் இல்லை. மேற்பார்வை பார்க்கும் பெண் நல்லவள்தான். பேனாவைப் பிடித்துக்கொண்டு, "உன்னை வளர்த்தவரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சட்டப்படி தத்து எடுத்தாரா?" என்றாள். என்னத்தைச் சொல்ல! கொஸ்லந்தைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் யார் யாரைச் சட்டப்படி எடுத்தார்கள்? ஒரு நாள் தந்தாள். ஒரு நாளில் நான் எங்கே போய் வருவது? வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

ஆகவே என்னால் சித்தப்பாவுக்குச் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு நல்ல படம் தேடிக் கொடுப்பது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள்.

2

ஊரில் யாருடைய போன் தண்ணீரில் விழுந்தாலும் படத்துக்கு என்னிடம்தான் வருவார்கள். கல்யாண சிடி, சாமத்தியச் சடங்கு ஆல்பம், குடும்பக் குரூப்பில் வந்தது, பூப்போட்டுக் காலை வணக்கம் சொல்வது, எல்லாம் என்னிடம் உண்டு. போன தடவை ஊருக்குப் போனபோது நாலு வீட்டு ஆல்பங்களை வாங்கி ஒவ்வொரு படமாகப் போனில் பிடித்துக்கொண்டு வந்தேன். எடுக்கத் தெரிந்ததே தவிர அடுக்கத் தெரியவில்லை. நாற்பதாயிரம் படத்துக்கு மேல் நாலு இடத்தில் கிடந்தன. "இடம் முடியப் போகிறது" என்று போன் தினமும் அறிவித்தது. எனக்கும்தான் முடியப் போகிறது, யாரிடம் அறிவிக்க?

மகள் அபி சனிக்கிழமை வந்தாள். வேறு ஊரில் படிக்கிறாள், மாதத்துக்கு ஒரு முறை துணி துவைக்கவும் சோறு தின்னவும் வருவாள். "ம்மா, இதுக்கு ஒரு ஒழுங்கான சொஃப்ட்வெயார் வேணும். இல்லாட்டி நீங்க செத்தாலும் தேடி முடிக்க மாட்டீங்க" என்றாள். அவளுடைய தமிழில் அது அன்பான பேச்சு.

மூன்றைக் காட்டினாள். ஒன்று போனில் ஏற்கனவே இருப்பது, படத்தையெல்லாம் எங்கேயோ தூரத்துக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மாதா மாதம் கைநீட்டும். இரண்டாவது பளபளவென்று இருந்தது, வரைபடத்தில் ஊர் ஊராகப் பிரித்துக் காட்டும். வெள்ளைக்காரர் சுற்றிப் பார்க்க வரும் எல்ல என்ற ஊரில் எடுத்த எட்டுப் படத்தைக் காட்டி, "உங்கள் சுற்றுலா" என்று பாட்டுப் போட்டது. அது என் பெரியம்மா செத்த வீடு. மூன்றாவது யாரோ நாலு பேர் ஓய்வு நேரத்தில் செய்து இலவசமாக விட்டது. ஆமை வேகம். பார்க்கவும் தோட்டத்து ஆபீஸ் பேரேடு மாதிரி இருந்தது.

மூன்றுக்கும் முகம் பிரிக்கத் தெரியும். ஒரே முகத்தையெல்லாம் ஒரு கூட்டமாகச் சேர்த்து, "இது யார்?" என்று கேட்கும். பேரைச் சொன்னால் மிச்சத்தை அதுவே பிடித்துத் தரும். முதலில் பிள்ளையாரைக் காட்டி இது யார் என்றது. பிள்ளையார் என்று அடித்தேன். உடனே எங்கள் ஊவா மாகாணத்தில் உள்ள அத்தனை கோயில் பிள்ளையாரையும் வரிசையில் நிறுத்தியது. அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம்.

பிறகு சித்தப்பாவின் முகம் ஒன்றைத் தேடிக் கொடுத்து, "வேலு சித்தப்பா" என்று அடித்தேன்.

3

வந்ததைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. இந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு தரம்கூட கேமராவை நேராகப் பார்க்கவில்லை. ஒரு படத்தில் குனிந்து செருப்பைச் சரிசெய்கிறார். ஒன்றில் வாயைப் பொத்தி இருமுகிறார். இன்னொன்றில் யாரையோ கூப்பிடுவதுபோல் பின்னால் திரும்பியிருக்கிறார். திருவிழாப் படத்தில் தோளில் பிரபா உட்கார்ந்திருக்கிறான், அவன் கால் சித்தப்பாவின் பாதி முகத்தை மறைத்துவிட்டது. பக்கவாட்டில் காதும் கன்னமும் தெரிகிற படம் எவ்வளவு வேண்டும்? கூடை கூடையாக அள்ளலாம்.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. என் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றவர் அவர். எனக்கு நாலு வயதில் அப்பா இறந்துவிட்டார். மரம் வெட்டப் போன இடத்தில் மரம் மேலே சாய்ந்தது. அன்றிலிருந்து எல்லாம் சித்தப்பாதான். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், "புள்ள படிக்கட்டும் மதினி" என்று அம்மாவோடு சண்டை போட்டு, என்னைப் பதுளையில் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்தார். தேயிலை ஃபெக்டரியில் வேலை முடித்து, உடம்பெல்லாம் தேயிலைத் தூள் வாசத்தோடு பஸ் ஏறி, மாசத்தில் ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வருவார். பேச மாட்டார். பணிஸ் வாங்கித் தந்துவிட்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர், கல்யாணத்தில் போட்டோக்காரர் "ஐயா, இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தியும் தலை நிமிரவில்லை. ஆல்பம் வந்த நாளில் நான் அழுதேன். "எனக்கு அப்பா இருந்தா இப்படியா நிப்பாரு?" என்று அவர் காதுபடவே கேட்டேன். அவர் எழும்பிப் போனார். அந்த வாயைப் பிறகு எத்தனையோ தரம் நினைத்து நொந்திருக்கிறேன், மன்னிப்புக் கேட்டதில்லை. இனி எங்கே போய்க் கேட்பது?

4

"ம்மா, இங்க ஒரு நேரான படம் இருக்கு! சூப்பர் படம்!" என்றாள் அபி.

எட்டிப் பார்த்தேன். கோட்டுப் போட்டு, தலையை வலது பக்கம் வாரி, அடர்ந்த மீசையோடு நேரே நம்மைப் பார்க்கும் முகம். சுற்றிலும் கதம்ப மாலை.

"போடி பைத்தியம். அது என் அப்பா. ஒன் தாத்தா. நம்ம ஹோல்லயே இருக்கே, தெரியாதா?"

"தெரியும். ஆனா இது சித்தப்பா தாத்தான்னு சொல்லுது."

அண்ணன் தம்பி சாடை அது. ஊரில் எல்லோரும் சொல்வார்கள், உரிச்சு வச்ச மாதிரி என்று. "இவர் அல்ல" என்ற பொத்தானை அழுத்தினேன். போனது. அடுத்த படத்தில் மறுபடி வந்தது. வருஷா வருஷம் அப்பாவின் தெவசத்துக்கு அம்மா படையல் போட்டு, பிரபாவை விட்டுப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். சுவரில் அப்பா படம். பக்கத்தில் சித்தப்பா சூடம் காட்டிக்கொண்டு, வழக்கம்போல் முகத்தைத் திருப்பி. அந்தப் படத்தில் கம்ப்யூட்டர் இரண்டு சதுரம் போட்டிருந்தது. ஒன்று சுவரில் மாலைக்குள், ஒன்று கீழே சூடத்துக்குப் பக்கத்தில். இரண்டு சதுரத்துக்குக் கீழேயும் ஒரே பேர். வேலு சித்தப்பா. வேலு சித்தப்பா.

"இது உருப்படாத சாமான். அடுத்ததைப் போடு" என்றேன்.

பளபளப்பானதைப் போட்டாள். அதுவும் இரண்டு சதுரம், ஒரே பேர். ஆமையைப் போட்டாள். அது ஒரு மணித்தியாலம் யோசித்தது. நான் அதற்குள் பருப்பை அடிப்பிடிக்க விட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் அதுவும் அதையே சொல்லியிருந்தது.

சாடை இருந்தால் ஒன்று ஏமாறலாம். வேறு வேறு நாட்டில், ஒருவரை ஒருவர் தெரியாத ஆட்கள் செய்த மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் பிழை விடுமா? அபி என் முகத்தைப் பார்த்தாள். "ம்மா, உங்க அப்பாவோட வேற படம் ஏதாவது இருக்கா? அதைக் குடுத்தா ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்றாள்.

வேறு படம் இல்லை. அப்பா என்றால் எனக்கு அந்த ஒரு படம்தான். நாலு வயதில் பார்த்த முகம் எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு முதுகு ஞாபகம் இருக்கிறது, கறுப்புக் கம்பளி போர்த்திய முதுகு, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அந்தப் படத்திலிருந்து நானே செய்துகொண்டது. பரீட்சைக்குப் போகும்போது கும்பிட்டது அந்த முகத்தை. பிள்ளை பெற்ற வலியில் கூப்பிட்டதும் அந்த முகத்தைத்தான்.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே பகல் சாப்பாட்டு நேரம். அம்மா வீடியோவில் பேசினால் நெற்றியும் கூரைத் தகரமும்தான் தெரியும். எத்தனை தரம் சொன்னாலும் போனை அப்படித்தான் பிடிப்பாள்.

"அம்மா, அப்பா படம் எங்க எடுத்தது?"

"எந்தப் படம்?"

"எத்தன படம் இருக்கு? செவுத்துல இருக்கிறதுதான்."

"பதுளையில. எதுக்கு இப்ப?"

"எப்ப எடுத்தது?"

தகரம் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு, "யாரு சொன்னா ஒனக்கு?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் சொன்னது என்றேன். "நாசமாப் போன சாமான்" என்றாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். நிறுத்தாமல் சொன்னாள், இத்தனை வருஷம் யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவள் மாதிரி.

"ஒங்கப்பாவுக்கு ஏதுடி போட்டோ? அந்தக் காலத்துல அடையாள அட்டை எடுத்தாத்தான் நம்ம ஆளுக போட்டோவுக்கு நிப்பாங்க. அவருக்குத்தான் பிரஜா உரிமையே இல்லையே. இந்தியாவும் எடுக்கல, இங்கயும் குடுக்கல. எழுதிப் போட்டது எழுதிப் போட்டபடி கெடந்துச்சு. நாடே இல்லாதவருக்கு யாரு கூப்பிட்டுப் போட்டோ புடிப்பா? அவரு போயிட்டாரு. நீ என்னடான்னா பக்கத்துக் காம்பரா கனகு வீட்டுல அவ அப்பா படத்துக்கு மாலை போட்டிருக்கிறதப் பாத்துட்டு வந்து, எங்கப்பா எங்க, எனக்கும் மாலை போட்ட அப்பா வேணும்னு ஒரே அழுகை. சோறு திங்கல. காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிறப்ப என் சேலையப் புடிச்சு இழுத்து இழுத்துக் கேட்ட. மூணு நாளு. கங்காணியே கண்ணத் தொடச்சாரு."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன செய்ய? ஒன் சித்தப்பாவத்தான் கூட்டிட்டுப் போனேன். அப்ப அவருக்கு மீசை உண்டு, ஒங்கப்பா மாதிரியே. ஸ்டூடியோக்காரர் கோட்டு குடுத்தாரு. தலைய மட்டும் நான் மாத்தி வாரிவிட்டேன், அவரு எடது பக்கம், ஒங்கப்பா வலது பக்கம். படத்த வாங்கிட்டு வந்த அன்னிக்கு சாயந்திரமே மீசைய எடுத்துட்டாரு. 'மதினி, இனி இது அண்ணன் மொகம். நான் வேற படத்துக்கு நிக்க மாட்டேன். நின்னா புள்ள கண்டுபுடிச்சிரும்'னாரு."

மீசை இல்லாததற்கு அவரை லயமே கேலி செய்யும். நானும் கேலி செய்திருக்கிறேன்.

"லயத்துல யாருக்கும் தெரியாதா?"

"பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். அந்தப் புள்ளைக்கு யாரும் சொல்லிறாதீங்கன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லலையே, பாத்தியா! பிரபாவுக்குந் தெரியாது. வருஷா வருஷம் தெவசத்துக்கு வந்து தன் மொகத்துக்கே சூடங் காட்டிட்டுப் போவாரு. ஒரு தடவை சிரிச்சாரு, 'எனக்கு முன்கூட்டியே எல்லாம் நடக்குது மதினி'ன்னு."

நான் அழுதேன். யாருக்கு அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே அழுகையில் போயிற்று. பிறகு, "அப்ப அப்பா எப்படிம்மா இருப்பாரு? மூக்கு, கண்ணு, ஏதாவது சொல்லு" என்றேன்.

அம்மா போனைக் கீழே இறக்கினாள். முதல் தடவையாக முழு முகம் தெரிந்தது. எவ்வளவு கிழமாகிவிட்டாள்!

"அதத்தான் கேக்காத. முதல்ல ரெண்டு மூணு வருஷம் படம் வேற, அவரு வேறன்னு நல்லாத் தெரிஞ்சுச்சு. தெனம் அந்தப் படத்தப் பாத்துப் பாத்து, இப்ப கண்ண மூடினா எனக்கும் அந்தப் படந்தான்டி வருது. அவரு வர மாட்டேங்கிறாரு."

6

மாலைக்குள் பிரபாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அபி ஒரு யோசனை சொன்னாள். பக்கவாட்டுப் படங்களைச் சேர்த்து நேர்முகம் செய்து தருகிற சாமான் இப்போது இருக்கிறதாம். வேண்டாம் என்றேன். எங்கள் குடும்பத்தில் செய்த முகம் ஒன்று போதும்.

அம்மாவிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. பின்னால் ஸ்டூல் இழுபடும் சத்தம். எழுபத்திநாலு வயதில் ஸ்டூலில் ஏறியிருக்கிறாள்.

"செல்வி, படத்த எறக்கிட்டேன். ஒன் சித்தப்பா மொகத்த அவருக்கே குடுத்துரலாம். நாளைக்கு மொத பஸ்ஸுல நான் பெரகலைக்குக் கொண்டு போறேன். பிரபாகிட்ட நானே சொல்றேன்."

"அப்ப எனக்கு?" என்று கேட்டுவிட்டேன். ஐம்பது வயதுப் பெண் கேட்கிற கேள்வியா! வாயில் வந்துவிட்டது.

"ஒனக்கு இத்தன வருஷம் குடுத்தாருல்ல? அவருக்குன்னு ஒரு படங்கூட வச்சிக்காம? போதும்டி. இனியாவது அவரு அவரா இருக்கட்டும்."

எங்கள் ஹோலில் மாட்டியிருந்த பிரதியையும் கழற்றினேன். அபி வாங்கித் துடைத்தாள். "இதைத் தூக்கிப் போட்டுறாதீங்கம்மா, சித்தப்பா தாத்தான்னு மாட்டலாம்" என்றாள். அவளுக்கு நான் ஒன்றும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. பிள்ளை கையை விட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி ஒன்றும் தூரமாகப் போய்விடவில்லை.

திங்கட்கிழமை, வேலையில் இருந்தபோது பிரபாவின் குரல்செய்தி வந்தது. விரிப்புகளைக் கீழே வைத்துவிட்டுக் காதில் வைத்தேன். "அக்கா... எங்கப்பா இவ்வளவு அழகாவாக்கா இருந்தாரு?" என்றான். அவ்வளவுதான், அழுகிறான்.

அன்றைக்கு அந்தப் படிவம் ஞாபகம் வந்தது. நாலு கட்டத்தில் முதலாவதான 'அப்பா'வில் நான் தாராளமாகக் கோடு போட்டிருக்கலாம். பொய் ஆகியிருக்காது.

7

கருமாதி நல்லபடி முடிந்தது. பெரகலையில் சித்தப்பா மீசையோடும் கோட்டோடும் நேராகப் பார்க்கிறார். கீழே அவர் பேர் எழுதியிருக்கிறது. கொஸ்லந்தையில் அம்மா வீட்டுச் சுவரில் ஆணியும், புகை படாத ஒரு வெள்ளைக் கட்டமும் இருக்கின்றன. அங்கேதான் தினமும் விளக்கு வைக்கிறாளாம்.

படங்களையும் ஒருவழியாகப் பிரித்தேன். முகத்துக்கு முகம் பேர் கொடுத்தேன். மாலை போட்ட படத்தில் இரண்டு சதுரத்துக்கும் "ஆம், இவர்தான்" என்று அழுத்தினேன். கடைசியாக "அப்பா" என்று ஓர் ஆல்பம் மூன்றிலும் திறக்கப் பார்த்தேன். உள்ளே போட ஒன்றும் இல்லை.

போனில் இருந்த சொஃப்ட்வெயார், படம் இல்லாமல் ஆல்பம் உண்டாக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பளபளப்பானது வாங்கி வைத்துக்கொண்டது, ஆனால் மறுநாள் திறந்து பார்த்தபோது காலி ஆல்பங்களைத் தானே சுத்தம் செய்துவிட்டதாக அறிவித்தது. மூன்றாவதில், அந்த ஆமையில், பேரை மட்டும் போட்டு மூடினேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். இருந்தது. ஒரு சாம்பல் கட்டம், கீழே "அப்பா", அதற்குக் கீழே பூச்சியம்.

நாற்பதாயிரம் படத்தையும் அதற்குள்ளே மாற்றத் தொடங்கினேன். அபி போனில் தலையில் அடித்துக்கொண்டாள். "மூணுலயும் மோசமானதை எடுத்திருக்கீங்களேம்மா! ஏன்?"

"உள்ள படம் ஒன்னும் இல்லாட்டியும் இது மட்டுந்தான் பேரை அழிக்காம வச்சிருக்கு" என்றேன்.